மரமில்லாத நிலம் வீண் நிலம் அன்று

மரமில்லாத நிலம் தரிசு, தரிசு என்பது வீண், வீணாய்க் கிடக்கும் நிலத்தில் எதை நட்டாலும் அது நன்மையே என்னும் நம்பிக்கை, ஊராட்சி மன்றக் கூட்டம் முதல் அரசின் திட்ட அறிக்கை வரை இன்று கேள்வியின்றி ஏற்கப்பட்டுள்ளது. நஞ்சையின் பரப்பைக் கொண்டே ஊரின் செழிப்பை மதிப்பிட்டுப் பழகிய காவிரிப் படுகையில் இந்த நம்பிக்கை மேலும் ஆழமாக வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. ஆயினும் இது பிழையான நம்பிக்கை. தரையில் வாழ்ந்து தரையிலேயே முட்டையிடும் பறவைகளை இந்தியாவின் புல்வெளிகளிலிருந்து விரட்டிவரும் நம்பிக்கையும் இதுவே.

இந்த எண்ணத்தை வளர்த்தவை வரி வசூலித்தவர்களின் கணக்கேடுகளே அன்றி, மண்ணை ஆராய்ந்தவர்களின் நூல்கள் அல்ல. ஆங்கிலேயர் காலத்துச் சென்னை மாகாண வருவாய்த் துறை, தீர்வை, அதாவது நிலவரி, தரும் நிலத்தைத் தனியாகவும், சாகுபடி இல்லாதவற்றைத் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என வேறாகவும் பிரித்தெழுதியது. அந்தப் பார்வை விடுதலைக்குப் பின்னும் மாறவில்லை. 1985இல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது, 2000இல் முதன்முதலாக வெளியான இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு புதர் நிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வரி தராத நிலம் எனத் தொடங்கிய வகைப்பாடு இவ்வாறு உயிரற்ற நிலம் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது.

காவிரிப் படுகையிலுள்ள பட்டுக்கோட்டை வட்டாரத்தின் வரலாறே இதற்குச் சான்று. மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934ஆம் ஆண்டில், மக்கள் புதாறு என்றழைக்கும் கல்லணைக் கால்வாயும் நீரைக் கொண்டுவரும் வரை, இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி மழையையும் ஏரிகளையும் நம்பிய மேட்டு நிலமாக இருந்தது. கால்வாய் தந்த நெல்லும் பின்னர் வந்த தென்னையும் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டவை. அவற்றைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கால்வாய்க்கு முன் அங்கே எதுவுமே இருந்ததில்லை என்று கருதுவதும், கால்வாய் எட்டாத எஞ்சிய வெளிகளையும் எப்படியாவது நிரப்பிவிட வேண்டுமென்று துடிப்பதும் வேறு செய்தி. அத்தகைய வெளிகளில் கௌதாரி முட்செடியின் அடியில் குழி பறித்து முட்டையிடுகிறது. காடை புல்லுக்குள் மறைந்து குஞ்சு பொரிக்கிறது. மஞ்சள் மூக்கு ஆட்காட்டியும் கண்கிலேடியும் மறைவே இல்லாத வெறுந்தரையில், மண்ணின் நிறத்தையே காப்பாகக் கொண்டு அடைகாக்கின்றன. எதிரியைத் தொலைவிலேயே கண்டு விலகுவதே வெட்டவெளிப் பறவையின் தற்காப்பு என்பதால், அங்கே நெருக்கமாக மரம் நடும்போது அதன் பார்வை மறைக்கப்படுகிறது. முட்டையையும் குஞ்சையும் கவரும் காகத்துக்கும் வல்லூற்றுக்கும் அமர்ந்து நோட்டமிட உயர்ந்த இடமும் கிடைக்கிறது.

இந்த நம்பிக்கைக்குக் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய விலை கானமயில். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமும் 15 கிலோ வரை எடையும் கொண்ட இப்பறவை ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் வறண்ட வெளிகளிலும் வாழ்ந்தது. இன்று இம்மாநிலத்தில் ஒன்றுகூட இல்லை. நாடு முழுவதிலும் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ள இவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில் வாழ்கின்றன. பறவையியலாளர் சாலிம் அலி தேசியப் பறவையாகப் பரிந்துரைத்தது கானமயிலைத்தான் என்பது பலர் அறியாத செய்தி. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை என்பதால், வேட்டையால் குறைந்த எண்ணிக்கை, வாழிடமும் பறிபோனபோது மீண்டெழவே இல்லை. புல்வெளிகள் பாசன வயல்களாகவும் மரத்தோட்டங்களாகவும் மாறின. எஞ்சிய வெளிகளில் சூரிய மின் நிலையங்களும் காற்றாலைகளும் வந்தன. நேர் முன்னே இருப்பதைத் தெளிவாகக் காணும் பார்வை அமைப்பு இல்லாத இப்பறவைகள் உயரழுத்த மின்கம்பிகளில் மோதி மடிகின்றன. மின்கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்க வேண்டுமென்று 2021இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2024இல் அதைத் தளர்த்தி வல்லுநர் குழுவை அமைத்தது. அந்த மின் நிலையங்களுக்கு இடம் தேடியபோதும், ‘வீண் நிலம்தானே’ என்ற வாதமே முன்வைக்கப்பட்டது.

அமெரிக்காவும் இதே பிழையைச் செய்தது. அந்நாட்டின் மேற்கு மாநிலங்களில், தஞ்சாவூர்க் கதம்பத்தில் சேரும் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த சேஜ்பிரஷ் என்னும் புதர்ச்செடி பரந்த சமவெளிகளை மூடியிருக்கிறது. அப்புதரின் இலையையே குளிர்காலம் முழுவதும் உண்டு, அதன் அடியிலேயே முட்டையிடும் சேஜ் குரௌஸ் என்னும் தரைப்பறவைக்கு வேறு புகலிடம் இல்லை. கால்நடைக்கு உதவாத களை என்று சென்ற நூற்றாண்டில் அப்புதர்களைச் சங்கிலியிட்டுப் பிடுங்கினார்கள், களைக்கொல்லி தெளித்து அழித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீட்கிராஸ் என்னும் புல் கோடைத் தொடக்கத்திலேயே காய்ந்து தீயைப் பரப்பியதால், எரிந்தபின் வேரிலிருந்து துளிர்க்காத சேஜ்பிரஷ் மேலும் சுருங்கியது. 1965 முதல் அப்பறவையின் எண்ணிக்கை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்துவிட்டதாக அந்நாட்டுப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2021இல் அறிவித்தது. அங்கே புல்லுக்காகப் புதரை அழித்தார்கள். இங்கே மரத்துக்காகப் புல்லை அழிக்கிறோம். நிலத்தை அதன் விளைச்சலால் மட்டுமே அளப்பது இரண்டுக்கும் பொதுவான குற்றம்.

பட்டுக்கோட்டைக்குக் கிழக்கே, வெளிமானுக்காக 1967இல் சரணாலயமான கோடியக்கரையிலும் இதன் விளைவைக் காணலாம். விறகுக்காகவும் பசுமைக்காகவும் தமிழ்நாடெங்கும் பரப்பப்பட்ட சீமைக் கருவேலம் அங்கும் புகுந்து, வெளிமான் மேயும் புல்வெளியை முட்காடாக மாற்றிவருகிறது. அதன் நெற்றைத் தின்ற கால்நடைகளும் குதிரைகளும் சாணத்தின் வழியே விதையை மேலும் பரப்புகின்றன. பசுமை பெருகியது என்னவோ உண்மை. ஆனால் புல்வெளி குறைந்தது.

மரம் கரியமில வாயுவை ஈர்க்கும், புயலைத் தடுக்கும் என்று மறுப்புரைப்போர் உண்டு. புல்வெளியும் கரிமத்தைச் சேமிக்கிறது. அதன் பெரும்பகுதி வேரிலும் மண்ணிலும் இருப்பதால், மேய்ச்சலோ தீயோ மேற்பரப்பை அழித்தாலும் சேமிப்பு நிலைக்கிறது. வறண்ட நிலத்தில் நடப்படும் தைல மரம் நிலத்தடி நீரையும் உறிஞ்சுகிறது. 2018 நவம்பர் 16இல் கரையேறிய கஜா புயல் இவ்வட்டாரத்தில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்ததையும் மறக்கலாகாது. கடலோரத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பெருக்குவது அறிவுடைமை. அதே ஆர்வத்தில் மேய்ச்சல் வெளியை மூடுவது அறிவுடைமை ஆகாது.

மேய்ச்சல் வெளி உழவனுக்கும் அந்நியமன்று. அறுவடைக்குப்பின் இராமநாதபுரப் பகுதியிலிருந்து வரும் கீதாரிகள் என்னும் ஆட்டிடையர்கள் வயலில் கிடைபோட்டுத் தரும் ஆட்டெருவும், சேற்றுழவுக்குப் பெயர்பெற்ற உம்பளச்சேரி மாடும், மேய இடமிருந்தால்தான் நிலைக்கும். தமிழ் இலக்கணம் ஆயர் வாழும் முல்லையை மருதத்துக்கு நிகரான திணையாகவே வைத்தது. ஆனால் டெல்டா நஞ்சையைக் காக்க 2020இல் வேளாண் மண்டலச் சட்டம் இயற்றிய அரசு, மேய்க்கால் புறம்போக்கை இன்னும் யாருக்காவது கொடுப்பதற்கான கையிருப்பாகவே கருதுகிறது.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. இயற்கைப் புல்வெளிகளும் புதர்வெளிகளும் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, தனி வாழிடங்களாகப் பதிவாக வேண்டும். மரக்கன்று நடும் இயக்கங்கள் சாலையோரத்தையும் ஏரிக்கரையையும் வீட்டுப் புறக்கடையையும் தேர்ந்தெடுத்து, வெட்டவெளிகளை விட்டுவிட வேண்டும். சீமைக் கருவேலம் அகற்றப்படும் இடத்தில் வேறு மரத்தை நடாமல், அந்த மண்ணுக்குரிய புல் முளைக்க இடங்கொடுக்க வேண்டும். மேய்க்கால் நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் முன்மொழிவு வரும்போது, கிராம சபையில் அதை எதிர்த்துப் பேசுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை. கானமயிலைத் தமிழ்நாடு இழந்துவிட்டது. கௌதாரியையும் அவ்வாறே இழந்தால், அறியாமல் நேர்ந்தது என்று சொல்லும் தகுதி இத்தலைமுறைக்கு இராது.