உருக்கமும் உரத்த குரலும்

பாஞ்சாலங்குறிச்சி என்றவுடன் நம் செவியில் ஒலிப்பது முழக்கமே. 1959-இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்தில் சிவாஜி கணேசன் பேசிய வசனங்களை ஒப்பித்துப் பார்க்காத சிறுவரை இக்கரிசல் சீமையில் ஒரு காலத்தில் காண்பது அரிது. ஆயினும் அதே படத்தில், வெள்ளையத்தேவனாக நடித்த ஜெமினி கணேசனுக்கும் வெள்ளையம்மாளாக நடித்த பத்மினிக்கும் ஒரு நிலாப் பாட்டு உண்டு. ஜி. ராமநாதன் இசையில் பி. பி. ஸ்ரீநிவாஸும் பி. சுசீலாவும் பாடியது அது. போர் மூளும் கதையின் நடுவே, குரலை உயர்த்தாமலேயே இருவரும் நம் நெஞ்சைத் தொட்டுவிடுகின்றனர். அஃது எவ்வாறு இயன்றது என்பதையே, அன்பு வாசகர்களே, இம்மாதம் சிந்திப்போம்.

சிந்திக்கவேண்டிய தேவையும் இருக்கிறது. நம் பாடகர் குழு இளைஞர்களிடம் உருக்கமாகப் பாடுங்கள் என்றால் உரக்கப் பாடுகிறார்கள். கழுத்து நரம்பு புடைக்கிறது. மூன்றாம் பாட்டிலேயே தொண்டை கட்டிவிடுகிறது. அவர்களை மட்டும் குறைகூற இயலாது. நம் மேடை மரபே அவ்வாறு வளர்ந்ததுதான். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) நாடகம் எழுதிய காலத்தில் ஒலிபெருக்கி ஏது? கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்டாகவேண்டும். ஆகையால் செங்கோட்டை கிட்டப்பா போன்றோர் உச்ச சுருதியில் பாடிப் புகழ்பெற்றனர். ஒலிவாங்கி வந்தபின் அத்தேவை மறைந்தது. ஏ. எம். ராஜாவும் ஸ்ரீநிவாஸும் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதுபோலப் பாடினர். நாமோ ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு, அஃது இல்லாததுபோல் கூவுகிறோம்!

மென்மையாகப் பாடுவது எளிது என்று எண்ணிவிடலாகாது. அதற்கே மூச்சின் கட்டுப்பாடு மிகுதியாக வேண்டும். குரல்வளையில் உள்ள இரு நாண்கள், ஆண்மகன் சாதாரணமாகப் பேசுகையில் நொடிக்கு நூறு முறைக்கு மேல் அதிர்கின்றன. பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறை. அவற்றின்மீது காற்று மிகுதியாய்ப் பாய்ந்தால் குரல் புகைகிறது. நாண்களை இறுக்கினால் கரகரக்கிறது. சீராகப் பாயும் காற்றே குரலுக்குக் கனிவு தருகிறது. மூச்சை இழுக்கும்போது தோள் உயரக்கூடாது. வயிறும் கீழ் விலாவும் விரியவேண்டும். பின்பு 'ஸ்' என்ற ஒலியுடன் பதினைந்து நொடிகள் காற்றை ஒரே அளவாக விட்டுப் பழகுங்கள். நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது சொல். ஒரு சொல்லின் நடுவே மூச்சு வாங்கினால் பொருளும் உருக்கமும் ஒருங்கே அறுந்துபோகும். பாடுமுன் பாட்டை உரைநடைபோல் வாசித்துப் பாருங்கள். பொருள் முடியும் இடமே மூச்சுக்குரிய இடம். நெடில்களில் குரலை நிறுத்துங்கள். வல்லின மெய்களை அழுத்தாமல் தொட்டுச் செல்லுங்கள். எல்லாச் சொல்லிலும் கமகத்தைக் கொட்டுவது, எல்லாக் கறியிலும் பெருங்காயத்தைக் கொட்டுவது போன்றதே. ஆனால் சொல்லே இன்றியும் உருக்கம் பிறக்கும் என்பதை நம் பக்கத்து விளாத்திகுளம் நல்லப்ப சுவாமிகள் காட்டினார். கரகரப்பிரியா ராகத்தை மணிக்கணக்கில் ஆலாபனை செய்து கேட்போரைக் கட்டிப்போட்டவர் என்று அவரைப் பற்றிய நினைவு இக்கரிசலில் இன்றும் வாழ்கிறது.

ஒலிவாங்கியை வாய்க்கு நான்கு விரற்கடைத் தொலைவில் வைப்பது நலம். மேடைகளில் வழங்கும் ஒலிவாங்கிகள் பெரும்பாலும், நெருங்கப் பிடித்தால் தாழ்ந்த சுரங்களைத் தடிக்கச் செய்யும். மெல்லிய அடிகளுக்கு அது துணை. உச்ச சுரத்தில் ஒரு சாண் விலக்குங்கள். பகரம் வரும்போது காற்று மோதி வெடிக்காதிருக்கச் சற்றே சாய்த்துப் பிடியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் பையன்களின் குரல்வளை பெரிதாகி, நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நாடகக் கம்பெனிகளில் இதனை 'மகரக்கட்டு' என்பர். கீச்சிட்டும் உடைந்தும் வரும் அக்குரலைக் கேட்டு வீட்டார் நகைக்கின்றனர். பாடகர் குழுத் தலைவர் அவனைப் பின்வரிசைக்கு அனுப்புகிறார். அவன் அதன்பின் வாய் திறப்பதே இல்லை. இவ்வாறு இழந்த குரல்கள் எத்தனையோ. அவனைத் தாழ்ந்த சுருதியில், சிறு எல்லைக்குள், மெல்லப் பாட விடுங்கள். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில், சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் குரல் நிலைபெறும்.

கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலகங்களிலும் நூற்பாலைகளிலும் பகலெல்லாம் தூசியில் உழைத்துவிட்டு இரவு ஒத்திகைக்கு வருவோர், முதலில் நீர் அருந்தி, வாய் மூடிய முனகலில் பத்து நிமிடம் குரலைப் பதப்படுத்தியபின் பாடத் தொடங்குக. கரகரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் கற்கண்டும் மிளகும் போதா. காது, மூக்கு, தொண்டை மருத்துவரைக் காணவேண்டும். அதுவரை ஒத்திகைக்கு வாருங்கள், தாளத்தை மட்டும் கவனியுங்கள், பாடாதீர்கள்.