கால் நடவாத வழியில் கற்பனை நடவாது

வங்க எழுத்தாளர் விபூதிபூஷண் வந்த்யோபாத்யாய எழுதிய ‘சாந்தேர் பாஹாட்’ (சந்திர மலை) என்னும் சிறுவர் நாவல் 1937ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. அன்று தொட்டு வங்கச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்து வருகின்றனர். 2013இல் அது திரைப்படமாகவும் வந்தது. அந்நூலைப் பற்றி எவர் பேசப் புகுந்தாலும் முதலில் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. ஆப்பிரிக்காவின் காடும் மலையும் பாலையும் நிறைந்த அக்கதையை எழுதியவர், ஆப்பிரிக்க மண்ணை ஒரு நாளும் மிதித்தவர் அல்லர் என்பதே அது.

செய்தி உண்மைதான். ஆயின் அதிலிருந்து நம்மவருள் சிலர் பெறும் முடிவு உண்மையன்று. “வீட்டை விட்டு வெளியே போகாமலே உலகத்தை எழுதிவிட்டார், பார்த்தீர்களா? பிள்ளைகளுக்கு வேண்டியது புத்தகமே, ஊர் சுற்றுவது வீண்” என்கின்றனர். ஏற்கெனவே பள்ளி, தனிப்பாடம், தேர்வு என்னும் மூன்று சுவர்களுக்குள் வளரும் நம் பிள்ளைகளுக்கு நான்காவது சுவராக இவ்வாதம் எழுப்பப்படுகிறது. சுவர் எழுப்புவதற்கு விபூதிபூஷணின் பெயரைக் கல்லாகப் பயன்படுத்துவதை நாம் வன்மையாக மறுக்கிறோம். அவரைப் போல நடந்து திரிந்த எழுத்தாளர் இந்நாட்டில் மிகச் சிலரே.

அவர் வாழ்க்கையைச் சற்றே நோக்குவோம். 1894இல் பிறந்த விபூதிபூஷண், இச்சாமதி ஆற்றங்கரையிலுள்ள பராக்பூர் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். தந்தையார் வடமொழி கற்றவர். ஊர் ஊராகச் சென்று புராணக் கதை சொல்லிப் பிழைத்தவர். வறுமைக்கிடையே பட்டம் பெற்ற மகன் பள்ளி ஆசிரியரானார். பின்னர்ப் பசுப் பாதுகாப்புச் சபை ஒன்றின் பிரசாரகராக வேலை ஏற்றுக் கிழக்கு வங்கம், சட்டகிராமம், அரக்கான் ஆகிய பகுதிகளில் அலைந்தார். 1924ஆம் ஆண்டளவில் கல்கத்தாச் செல்வக் குடும்பம் ஒன்றின் ஜமீன் அலுவலராகப் பீகாரின் பாகல்பூர்ப் பகுதிக்குச் சென்றார். கங்கைக்கு அப்பால் நாணலும் காடும் மண்டிய அந்நிலத்தில் குதிரை மீதும் கால்நடையாகவும் சுற்றிய ஆண்டுகளே அவரை எழுத்தாளராக்கிய ஆண்டுகள். 1929இல் நூலாக வந்த ‘பதேர் பாஞ்சாலி’ பாகல்பூரில் எழுதப்பட்டதே. அக்காட்டையே பொருளாகக் கொண்ட ‘ஆரண்யக்’ 1939இல் வந்தது. ‘வனவாசி’ என்ற பெயரில் தமிழிலும் உண்டு. இந்த இரண்டு நூல்களுக்கும் நடுவில்தான் ‘சந்திர மலை’ பிறந்தது. இந்த வரிசையை மறந்துவிட்டு, ‘அறைக்குள் அமர்ந்து எழுதினார்’ என்று பேசுவது எவ்வளவு பெரிய அநீதி!

கதையை எண்ணிப் பாருங்கள். வங்கக் கிராமத்து இளைஞன் சங்கர். நீச்சல், பந்தாட்டம், குத்துச்சண்டை ஆகியவற்றில் வல்லவன். சணல் ஆலையில் எழுத்தர் வேலை அவனுக்காகக் காத்திருக்கிறது. அதை விடுத்து ஆப்பிரிக்காவில் ரயில் பாதை அமைக்கும் பணிக்குப் போகிறான். தனிமையான ஒரு நிலையத்தின் அதிபராகிறான். சிங்கத்தையும் கொடிய நச்சுப் பாம்பையும் எதிர்கொள்கிறான். டியாகோ அல்வாரெஸ் என்னும் போர்ச்சுகீசிய முதியவரைச் சாவிலிருந்து காத்து, அவரோடு வைரம் தேடி ரிக்டர்ஸ்வெல்ட் மலைக்குச் செல்கிறான். முதியவர் மாண்ட பின் இருண்ட குகையில் வழி தவறுகிறான். கூழாங்கற்களை அடையாளமாக வைத்து வெளியேறுகிறான். அக்கற்களே வைரங்கள் என்பதைப் பின்னரே அறிகிறான். கலஹாரிப் பாலையில் நாவறண்டு நடக்கிறான்.

இக்கதைக்கு வேண்டிய ஆப்பிரிக்கச் செய்திகளை விபூதிபூஷண் எங்கிருந்து பெற்றார்? அவரே முன்னுரையில் ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட்டார்: சர் ஹாரி ஜான்ஸ்டன், ரோசிட்டா ஃபோர்ப்ஸ் முதலிய பயணிகளின் நூல்களிலிருந்து. அப்படியாயின் அவர் நூலறிவால் எழுதிய இடம் எது, காலறிவால் எழுதிய இடம் எது என்று பிரித்துப் பார்த்தல் நம் கடமை.

நூலறிவால் எழுதிய இடத்தைப் பாருங்கள். கதையில் ரிக்டர்ஸ்வெல்ட், கதிரொளி நுழையாத அடர்காடு போர்த்த மலை. மெய்யான ரிக்டர்ஸ்வெல்ட் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வறண்ட மலைப்பாலை. நீரைத் தண்டிலும் இலையிலும் தேக்கி வைக்கும் செடிகளுக்குப் பெயர் பெற்றது. 2007இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. கதையில் அல்வாரெஸைக் கொல்லும் புனிப் என்னும் பூதமோ, ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் கதைகளுக்கு உரியது. ஆக, படித்தறிந்த நிலம் ஆசிரியரின் கைக்கு முழுவதும் அடங்கவில்லை.

இனிக் காலறிவால் எழுதிய இடங்களைப் பாருங்கள். இரவில் காட்டின் நடுவே தனித்திருப்பவனுக்கு ஒவ்வோர் ஒலியும் எவ்வாறு பெரிதாகிறது? வழி தவறியவன் மனம் முதலில் எதை நம்ப மறுக்கிறது? தாகம் மிகுந்தவனுக்குத் தூரம் எவ்வாறு நீள்கிறது? அச்சத்தின் நடுவிலும் காட்டின் அழகு ஒருவனை எவ்வாறு நிறுத்திவைக்கிறது? இவற்றுள் ஒன்றுகூடப் பொய்யாகத் தோன்றுவதில்லை. கோடையில் நீர் வற்றி மனிதரும் விலங்கும் தவிப்பதையும், காட்டுத்தீ குடியிருப்பை நோக்கி வருவதையும் ‘ஆரண்யக்’ நூலில் படிப்பவர், சங்கரின் ஆப்பிரிக்கா எந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை உடனே உணர்வர். நிலப்படம் பிழைத்தது, நடை பிழைக்கவில்லை. நூல் இன்றும் வாழ்வது நடை பிழைக்காத காரணத்தால்தான்.

எழுதி முடித்த பின் அவர் நடையை நிறுத்தினாரா? அதுவும் இல்லை. புகழ் வந்த பிறகும் சிங்பூம் மாவட்டக் காடுகளில், குறிப்பாகச் சாரண்டா வனத்தில், வன அதிகாரி ஒருவரோடு சுற்றினார். அப்பயணங்கள் 1940களில் ‘வனே பாஹாடே’, ‘ஹே அரண்ய கதா கஓ’ என்னும் நூல்களாயின. பயணம்தோறும் நாட்குறிப்பு எழுதினார். அவையும் பல நூல்களாக வந்தன. காட்சிலாவில் வீடு வாங்கி, இளமையில் மறைந்த முதல் மனைவி கௌரியின் பெயரை அதற்கு இட்டார். 1950 நவம்பர் 1ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

இனி, நம்மை மறுப்போர் கூற்றுகளுக்கு வருவோம்.

“அவர் பிழைப்புக்காக அலைந்தார், நம் பிள்ளைகளுக்கு அந்நிலை ஏன்?” என்பர். பிழைப்புக்காகக் காட்டுக்குச் சென்ற ஜமீன் அலுவலர் அவர் ஒருவர்தாமா? எத்தனையோ பேர் சென்றனர்; கணக்கெழுதித் திரும்பினர். அவர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். காட்டை அழித்துக் குடியேற்றம் செய்யும் வேலைக்குச் சென்றவன், அக்காட்டின் மீது காதல் கொண்டு, தன் கையாலேயே அது அழிவதைக் கண்டு வருந்துவதே ‘ஆரண்யக்’. அதில் யுகல்பிரசாத் என்றொரு ஏழை வருகிறான். பயன் எதுவும் கருதாமல் எங்கெங்கிருந்தோ பூச்செடி கொண்டுவந்து காட்டில் நட்டு மகிழ்கிறான். வறுமை அவனை நடக்கச் செய்தது என்று யாரேனும் சொல்லக் கூடுமா?

“வெளியே ஆபத்து மிகுதி” என்பர். மறுக்கவில்லை. ஆனால் பெற்றோர் உடன் செல்லத் தடை யாது? ஆறு வேண்டாம் என்பதற்கு ஆற்றில் முதலை உண்டு என்பது காரணமாகலாம். ஆற்றின் பெயரே தெரியாதிருப்பதற்கு அது காரணமாகுமா?

“வீரச் செயல் கதைகளால் ஒழுக்கம் வருமா?” என்பர். தாகத்தால் சாகக் கிடந்த அந்நியனைத் தூக்கி வந்து காப்பாற்றிய சங்கரிடம் இல்லாத அறம் எந்த நீதிக் கதையில் இருக்கிறது? அறத்தைப் பலகையில் எழுதிக் காட்டினால்தான் அறம் என்று கருதுவது பிள்ளைகளின் அறிவை இழிவு செய்வதாகும்.

“நம் பண்பாட்டைக் காப்பதே முதல் வேலை, வங்காளியின் காடும் ஆறும் நமக்கு எதற்கு?” என்பர் மற்றுஞ் சிலர். இதற்குத்தான் நாம் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும். நம் பண்பாடே நடந்தவர்களின் பண்பாடு அன்றோ? ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையையே வகுத்து, வழியை விளக்குவதைக் கவிதையாக்கியவர் நம் முன்னோர். மலையில் எழும் ஓசைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு அடுக்கிய மலைபடுகடாமும், 99 மலர்களைப் பெயர் சொல்லி நிரல்படுத்திய குறிஞ்சிப்பாட்டும் அறைக்குள் அமர்ந்தவன் பாடியவையாக இருத்தல் இயலாது. அப்புலவரும் விபூதிபூஷணும் ஒரே குலத்தவர், மொழிதான் வேறு.

அந்த 99 மலர்களையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கும் குழந்தைக்கு நம் விழா மேடைகளில் பரிசு தருகிறோம், கைதட்டுகிறோம். அக்குழந்தையை அடுத்த ஞாயிறன்று தெருவுக்கு அழைத்து வாருங்கள். அப்பட்டியலில் உள்ள இலவம், இளவேனிலில் இலையின்றிச் சிவந்து நிற்கிறது. வங்காளி அதை ‘ஷிமுல்’ என்கிறான். கொன்றை பொன்னிறச் சரமாகத் தொங்குகிறது. விபூதிபூஷண் மீண்டும் மீண்டும் எழுதி மகிழ்ந்த ‘சோந்தால்’ அதுவே. ஆம்பல் ஊர்க் குளத்தில் ‘ஷாப்லா’ என்ற பெயரில் மலர்ந்திருக்கிறது. பலாசமோ பெயரைக்கூடப் பெரிதும் மாற்றிக்கொள்ளாமல் ‘பலாஷ்’ என்று நிற்கிறது. ஈராயிரம் ஆண்டுத் தமிழ் வாசலில் பூத்துக் கிடக்க, பிள்ளை உள்ளே அமர்ந்து அதன் பெயர்களை உருப்போடுகிறது! பிறந்த மண்ணை விட்டு வந்தவர் பிள்ளைக்குத் தாய்மொழி வேர்கொள்ள வேண்டுமாயின், அது வாழும் மண்ணில்தான் வேர்கொள்ள வேண்டும். தொட்டுப் பார்க்காத பொருளின் பெயர் பரிசு வாங்கிய மறுவாரமே மறந்துபோகும். தொட்டறிந்த பெயர் சாகும்வரை நிற்கும்.

ஆகவே சங்கங்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இது. மனப்பாடப் போட்டிகளுள் ஒன்றையேனும் நிறுத்துங்கள். அப்பொழுதில் மாதம் ஒரு நாள் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லுங்கள். இச்சாமதிக் கரை தொலைவில் இல்லை. சியால்தாவில் ரயிலேறினால் பன்காவ் சென்றுவிடலாம். அவ்வாற்றங்கரையிலுள்ள பார்மதன் காட்டுக்கு இன்று விபூதிபூஷணின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது. காட்சிலாவோ ஹௌராவிலிருந்து சில மணி நேரப் பயணம். அங்கே கண்டதைப் பிள்ளைகள் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். பெயர் தெரியாத மரத்துக்கு வங்கப் பெயரை அவ்வூராரிடம் கேட்கட்டும். தமிழ்ப் பெயரைத் தாத்தா பாட்டியிடம் கேட்கட்டும். அவ்வாறு எழுதப்படும் பக்கங்களுக்கு அடுத்த மலரில் இடம் ஒதுக்குங்கள். எழுத்துப்பிழை இருக்கும்; இருக்கட்டும். திருத்துவதற்கு ஆசிரியர் பலர் உளர். காண்பதற்குப் பிள்ளையின் இரண்டு கண்களே உள.

வங்கத் தாய்மார் தம் பிள்ளைகள் கையில் ‘சந்திர மலை’யைக் கொடுத்தபோது, அவர்கள் ஆப்பிரிக்காவுக்கு ஓடிப் போகவேண்டும் என்று எண்ணிக் கொடுக்கவில்லை. வாசலுக்கு அப்பாலும் உலகம் உண்டு என்று அறியட்டும் என்றே கொடுத்தனர். வேலை தேடி வாசலையும் ஊரையும் மொழியெல்லையையும் கடந்து வந்த குடும்பங்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு வாசலைத் தாண்டக் கற்றுக்கொடுக்க நம்மினும் உரிமை உடையவர் யார்?