ஆண்டுக்கு ஓர் ஆட்டம் ஆடினால் அணி எப்படித் தேறும்?

மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ‘கேலோ பாரத் நீதி’ என்ற புதிய தேசிய விளையாட்டுக் கொள்கைக்கு ஒப்புதல் தந்தது. 2036 ஒலிம்பிக் கனவு, திறன் கண்டறிதல், தொழில்நுட்பம், தனியார் பங்களிப்பு என்று அதில் எல்லாம் இருக்கிறது. தமிழ்நாடு அரசோ 2025 முதலமைச்சர் கோப்பையில் பரிசுத் தொகைக்கு மட்டும் 37 கோடி ரூபாய் ஒதுக்கிப் பெருமைப்பட்டுக்கொண்டது. பெருமைப்படட்டும். எனக்கு இருப்பது ஒரு சின்னக் கேள்வி. முதல் சுற்றில் ஐந்தாறு கோல் வாங்கித் தோற்றுப்போகும் அரசு உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணியை இவர்கள் என்ன செய்யப்போகிறார்கள்?

புதிய கொள்கையில் ‘லீக் போட்டிகள்’ என்று ஒரு வரி வருகிறது. வரியோடு சரி. ஒரு பள்ளி அணி ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் ஆட வேண்டும் என்ற கணக்கை அதில் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. கோப்பை அறிவிப்பிலும் எத்தனை லட்சம் பேர் பதிவு செய்தார்கள் என்பது கொட்டை எழுத்தில் வருகிறது. பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது ஆட்டம் ஆடினார்கள் என்று யாரும் எண்ணுவதாகத் தெரியவில்லை.

நான் எண்ணிவிட்டேன். இதற்குப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம், நாலாம் வகுப்புக் கணக்கு போதும். நம் பள்ளி அணிகளின் வாசல் குறுவட்டப் போட்டி. அதைத் தாண்டினால் வருவாய் மாவட்டம், அதற்கும் மேலே மாநிலம். வாசலில் நடப்பது நாக்அவுட். ஒரு குறுவட்டத்தில் 16 அணிகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தில் காலி. நான்கு அணிகள் இரண்டு ஆட்டம், இரண்டு அணிகள் மூன்று ஆட்டம், இறுதிக்கு வரும் இரண்டு அணிகள் மட்டும் நான்கு ஆட்டம். கூட்டி வகுத்தால் ஓர் அணிக்குச் சராசரி 1.875. இரண்டுகூட இல்லை. இந்த 1.875 தான் தமிழ்நாட்டுப் பள்ளிக் கால்பந்தின் ஜாதகம் என்பேன்.

சராசரியைவிட மோசமானது அதன் பங்கீடு. நன்றாக ஆடத் தெரிந்த அணிக்கு நான்கு ஆட்டம். ஆடத் தெரியாத அணிக்கு ஒன்று. ஜூன் மாதத் தேர்வில் கணக்கில் ஃபெயிலான பையனிடம், ‘இனி அடுத்த ஜூன் வரை நீ கணக்கு வகுப்புக்கு வர வேண்டாம்’ என்று எந்தத் தலைமை ஆசிரியராவது சொல்வாரா? சொன்னால் ஊரே பள்ளிக்கூட வாசலில் நிற்கும். மைதானத்தில் அதையேதான் ஆண்டாண்டாகச் செய்கிறோம். அதற்கு ‘போட்டி மனப்பான்மை’ என்று பெயர் வேறு வைத்திருக்கிறோம்.

கடந்த ஆடியில் ஒரு குறுவட்டப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்த ஊராகவும் இருக்கலாம். ஒரே நாளில் எல்லா வயதுப் பிரிவையும் முடித்தாக வேண்டும் என்பதால் ஆட்ட நேரத்தைக் குறைத்திருந்தார்கள். நான் பார்த்த அணியில் பாதிப் பேருக்குத்தான் பூட்ஸ். மாற்று ஆட்டக்காரன் உள்ளே போகும்போது வெளியே வருகிறவன் கோட்டோரம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தான். நடுவர் பொறுமையாகக் காத்திருந்தார். கோல் கீப்பர் கபடி அணியிலிருந்து கடன் வாங்கப்பட்டவன். எதிரணியில் ஒரு விங்கர். பந்து கிடைத்தால் கோட்டோரமாக ஓடுவதுபோல் ஓடி, சட்டென்று உள்ளே திரும்புவான். அவனை மறிக்க நின்ற ஒல்லிப் பையன் ஒவ்வொரு தடவையும் ஏமாந்தான். நான்கு கோல் அந்த வழியாகவே போனது. இரண்டாம் பாதியின் நடுவில் ஒல்லிப் பையனுக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு உள்ளே நின்றுகொண்டான். ஒரு முறை தடுத்தான். அடுத்த முறை பந்தைப் பறித்தே விட்டான். பறித்ததை அழகாக முன்னே தள்ளியும் கொடுத்தான். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். ஐந்துக்குப் பூஜ்ஜியம்.

அந்தப் பையன் அன்று படித்த பாடத்தைச் சோதித்துப் பார்க்க அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் வயதுப் பிரிவு மாறிவிடும். பி.டி. மாஸ்டர் சொந்தக் காசில் வாங்கிவந்த எலுமிச்சை சாதப் பொட்டலங்களைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “பசங்க இப்பத்தான் சார் சூடாகுறானுங்க. அடுத்த மேட்ச் எப்ப சார்னு கேக்குறான். அடுத்த வருஷம்டான்னு எந்த வாயால சொல்றது?” மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அவர்கள் ஊர் திரும்பும் டவுன் பஸ்ஸில் இருந்தார்கள்.

இதை நான் சொல்லும்போதெல்லாம் ஜப்பானை இழுப்பதாக நண்பர்கள் கேலி செய்வார்கள். இழுக்கத்தான் செய்வேன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா ஜப்பானை 2-0 என்று வென்று, தங்கமும் வாங்கியது. அறுபது ஆண்டு கழித்து, 2022 உலகக் கோப்பையில் அதே ஜப்பான் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்தியது. நாம் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஜப்பானின் அகில தேசிய உயர்நிலைப் பள்ளிக் கால்பந்துப் போட்டி நூறாண்டு கடந்தது. ஆயிரக்கணக்கான பள்ளிகள் மோதி, 48 அணிகள் இறுதிக் கட்டத்துக்கு வரும். அதுவும் நாக்அவுட்தான். நம்மைப் போலவே அவர்களுக்கும் தலைவலி: தோற்ற பள்ளிக்கு அதோடு பருவம் முடிந்தது. அவர்கள் கோப்பையை ஒழிக்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு லீகைக் கட்டினார்கள். 2003இல் வட்டார அளவில் பிரின்ஸ் லீக். 2011இல் அதற்கு மேலே 18 வயதுக்கு உட்பட்டோருக்கான பிரீமியர் லீக். கீழே மாகாண லீகுகள். பள்ளி அணிகளும் தொழில்முறை கிளப்புகளின் இளையோர் அணிகளும் ஒரே அட்டவணையில் மோதுகின்றன. மேலடுக்கில் ஒரு பள்ளி அணிக்கு இன்று ஆண்டுக்கு 22 லீக் ஆட்டங்கள். நாம் 1.875, அவர்கள் 22. கீழடுக்கில் இருக்கும் அணிக்கும் ஒரே ஆட்டத்தோடு பருவம் முடிந்துவிடுவதில்லை. தோற்கும் அணிக்கு அடுத்த வாரம் தன்னளவுள்ள இன்னோர் அணி எதிரே வரும். கடைசி இடம் பிடித்தால் கீழடுக்குக்கு இறங்கும், இறங்கினாலும் ஆடிக்கொண்டிருக்கும்.

ஜப்பானிலிருந்து இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கொள்கை ஆவணங்களின் காதல் சொல்லான ‘திறன் கண்டறிதல்’ அங்கேதான் சந்தி சிரித்தது. பின்னாளில் ஜப்பான் அணிக்கு ஆடிய ஷுன்சுகே நகமுராவை யோகோஹாமா கிளப்பின் இளையோர் பிரிவு மேல்நிலைக்கு எடுக்காமல் கழற்றிவிட்டது. கெய்சுகே ஹோண்டாவைக் கம்பா ஒசாகா கழற்றிவிட்டது. இருவருக்கும் அப்போது பதினைந்தை ஒட்டிய வயது. நகமுரா தோகோ காக்குவென் பள்ளிக்கும், ஹோண்டா கனசாவாவின் செய்ர்யோ பள்ளிக்கும் போனார்கள். பள்ளி அணியில் ஆடி ஆடித் தேறினார்கள். ஹோண்டா 2010, 2014, 2018 என்று மூன்று உலகக் கோப்பையிலும் கோல் அடித்தார். தொழில்முறை கிளப்பின் நிபுணர்களாலேயே பதினைந்து வயதுப் பையனை எடைபோட முடியவில்லை. நம் ஊரில் ஒரு நாள் தேர்வு முகாமில், ஸ்டாப் வாட்சும் கையுமாக நிற்கிறவர் எடைபோட்டுவிடுவாராம்.

விளையாட்டு விடுதிக்காரர்கள் இங்கே கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும். ஒரு மாவட்டத்தின் நல்ல ஆட்டக்காரர்கள் பத்துப் பேரைப் பொறுக்கி ஒரு விடுதியில் போட்டால், அந்த விடுதி அணி ஜெயிக்கும். பறிகொடுத்த பத்துப் பள்ளிகளும் முன்னைவிட மோசமாகத் தோற்கும். அதற்குப் பெயர் வளர்ச்சி என்றால் எனக்கு அகராதி வேறு.

அடுத்து வருகிறார்கள் ‘நல்ல பயிற்சியாளர் போதும்’ கட்சியினர். இவர்களின் செல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் கான்கார்ட் நகரத்து டி லா சால் பள்ளி. அவர்கள் ஆடுவது பெரும்பாலும் கையால் ஆடும் ஃபுட்பால், அது கிடக்கட்டும். 1979இல் பாப் லாடூசர் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது, தோல்வியைவிட வெற்றி அதிகமான பருவம் ஒன்றைக்கூட அந்தப் பள்ளி கண்டதில்லை. அதே பள்ளி 1992 முதல் 2004 வரை 151 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. லாடூசர் பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி அணி ஜெயித்தாலும் தோற்றாலும் பருவத்துக்குப் பத்து ஆட்டம் போல ஆடிவிடுகிறது என்பதை மட்டும் இவர்கள் சொல்வதே இல்லை. ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தை வைத்துக்கொண்டு லாடூசர் என்ன செய்திருப்பார்? பொட்டலம் பிரித்துக் கொடுத்திருப்பார்.

பயிற்சியாளரைப் பற்றிப் பேச நமக்கு வாயும் கிடையாது. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தினோம். ஓவியம், கணினி, தையலோடு உடற்கல்வியும் அந்தக் கணக்கில்தான். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. 2023 அறிவிப்பில்தான் சம்பளம் 12,500 ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வருவதும், போலீஸ் வேனில் ஏற்றப்படுவதும் அதன் பிறகும் நிற்கவில்லை. மூன்று அரை நாளில் ஓர் அணியை உருவாக்கு என்று ஒருவரிடம் சொல்ல அரசுக்குக் கூசவில்லை. அந்த அரை நாளிலும் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார். வாங்கிய கடனைத் திருப்பித் தந்த கணக்கு ஆசிரியரை நான் இன்னும் பார்க்கவில்லை.

லீக் நடத்த மைதானம் இல்லை என்பார்கள். குறுவட்டப் போட்டியை எங்கே நடத்துகிறீர்களோ, அங்கே நடத்துங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு கெட்டுவிடும் என்பார்கள். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போகும் தேர்வு எப்படியும் கெடும். கேரளத்துக்காரர்களுக்குக் கால்பந்து ரத்தத்திலேயே ஊறியது என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். 2025இல் கோழிக்கோடு ஃபரூக் மேல்நிலைப் பள்ளி, தேசியப் பள்ளிக் கால்பந்துக்கான சுப்ரதோ கோப்பையை வென்றபோது இந்தப் பெருமூச்சு பலமாகவே கேட்டது. 1960இல் தொடங்கிய அந்தக் கோப்பையை ஒரு கேரளப் பள்ளி வென்றது அதுவே முதல் முறை. ரத்தம் அத்தனை காலம் எங்கே ஓடிக்கொண்டிருந்ததாம்? கேரளம் 1973இல், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை முதன்முதலாக வென்றபோது அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தர்ராஜ். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியாவுக்காகக் கோல் அடித்த நம்மவர். இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக்கில் அதற்குப் பிறகு ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ரத்தக் கதையை இத்தோடு விட்டுவிடலாம்.

தமிழ்நாட்டில் கால்பந்து முளைத்த இடங்களைப் பாருங்கள். வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர். குமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ். மூவரும் இந்திய அணிவரை போனவர்கள். இந்த இடங்களில் பள்ளிக்கூட அட்டவணையை நம்பி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. சாயங்காலம் ஆனால் பந்து உருளும். இன்று தோற்றவன் நாளைக்கும் ஆடுவான்.

மிசோரம் இதை மாநில அளவில் செய்து காட்டியது. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 11 லட்சத்தைத் தொடவில்லை. நம் மாவட்டங்கள் பலவற்றைவிடச் சிறியது. 2012இல் மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியது. 2014இல் சந்தோஷ் கோப்பை. 2017இல் ஐஸ்வால் எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன். லீக் வந்த ஐந்தாவது ஆண்டில் தேசியப் பட்டம். இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்பார்கள். இருக்கலாம், லீக் இல்லாமல் அந்தக் காரணங்கள் எல்லாம் 2012க்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தன?

ஆகவே, பள்ளிக் கல்வித் துறை அடுத்த கல்வியாண்டுக்கான விளையாட்டு அட்டவணையைத் தயாரிக்கும்போது கால்பந்தில் குறுவட்ட நாக்அவுட்டைத் தூக்கிவிட வேண்டும். 16 அணிகளை எட்டெட்டாக இரண்டு பிரிவாக்கினால் பிரிவுக்கு 28 ஆட்டம். ஒவ்வொரு அணிக்கும் ஏழு. ஜூலையில் தொடங்கினால் ஏழு சனிக்கிழமையில் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிடும். பிரிவில் முதலிடம் பிடித்தவை வருவாய் மாவட்டத்துக்குப் போகட்டும். கடைசி நான்கு இடத்துக்காரர்கள் தங்களுக்குள் இன்னொரு சுற்று ஆடட்டும். பஸ் செலவு, பந்து, நடுவர் படி, பசங்களுக்குச் சாப்பாடு என்று ஒரு குறுவட்டத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 37 கோடிப் பரிசுப் பணத்திலிருந்து ஒரே ஒரு கோடியை எடுத்தால் நூறு குறுவட்டங்களுக்கு லீக் தயார். ஐந்தே ஆண்டில் டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் சுப்ரதோ கோப்பையைத் தூக்கும் பள்ளி இந்த நூறில் ஒன்றிலிருந்து வரும். வரவில்லை என்றால் நாக்அவுட்டையே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், அந்தப் பி.டி. மாஸ்டரிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.