எடை குறைந்தால் போதுமா?

'ரைபிள் எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது. எனவே குழல், கட்டை, தொலைநோக்கி என எல்லாவற்றிலும் எடை குறைந்ததையே தேர்ந்தெடு' என்கிறார்கள். நாள் முழுக்க மலையேறும் வேட்டைக்காரருக்கு இதில் நியாயம் உண்டு. ஆனால் இந்த வாதம் ஒரு தேவையை விதியாக்கிவிடுகிறது.

ஒன்று, இயற்பியல். அதே தோட்டாவைச் சுடும் 4 கிலோ ரைபிளை 3 கிலோவாக்கினால், பின்னுதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். கையில் குறைந்த சுமை தோளில் ஏறுகிறது. இது இலாபமா? இரண்டு, குழல். மெல்லிய குழலின் முதல் குண்டு துல்லியமாகவே போகலாம். தொடர்ந்து சுட்டால் விரைவில் சூடேறும், குண்டுகள் சிதறத் தொடங்கும். மூன்று, போட்டிச் சுடுதல். 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு விதி அனுமதிக்கும் உச்ச எடை 5.5 கிலோ. எடை வெறும் சுமைதான் என்றால், அதற்கு மேல்வரம்பு எதற்கு? நான்கு, சட்டம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு அனுமதி இல்லை. கொல்கத்தாவின் சால்ட் லேக் அடுக்குமாடியில் உரிமத்தோடு இசாப்பூர் .315 ரைபிள் வைத்திருப்பவர் எந்த மலை ஏறப்போகிறார்? உரிமமின்றிக் குழலை வெட்டிக் குறைப்பதையோ 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தடுக்கிறது.

'சுமப்பதும் முக்கியம்தானே?' முக்கியம்தான். அப்படியானால் கட்டையிலும் தொலைநோக்கியிலும் குறையுங்கள். குழலில் கை வைக்காதீர்கள். முதலில் பயன்பாடு, பிறகு பாகம், கடைசியில்தான் தராசு.