'ரெபெக்கா' ஒரு காதல் கதையா?

(முன்னெச்சரிக்கை: நாவலின் சஸ்பென்ஸ் முழுவதும் கீழே உடைக்கப்படுகிறது. இன்னும் படிக்காதவர்கள் நாவலை முடித்துவிட்டு வந்து இதைப் படிப்பது உத்தமம்.)

டாஃப்னி டு மாரியர் எழுதிய 'ரெபெக்கா' 1938-ல் லண்டனில் வெளிவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அச்சில் இல்லாமல் போனதே இல்லை. ஆங்கிலத்தில் சிறந்த காதல் நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அட்டையை மூடிவிட்டு, என்ன நடந்தது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஒரு கணவன் தன் மனைவியைச் சுட்டுக் கொல்கிறான். உடலை அவளுடைய படகிலேயே கிடத்தி, படகில் ஓட்டை போட்டுக் கடலில் மூழ்கடிக்கிறான். இரண்டு மாதம் கழித்து வேறு ஊரில் கரை ஒதுங்கிய முன்பின் தெரியாத பெண்ணின் உடலை "இதுதான் என் மனைவி" என்று அடையாளம் காட்டிக் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்கிறான். பிறகு தன் வயதில் பாதி உள்ள ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். கடைசியில் தண்டனை இல்லாமல் தப்பிக்கிறான்.

இதில் காதல் எங்கே இருக்கிறது?

கதையைப் படித்துப் பல வருஷம் ஆனவர்களுக்காகக் கொஞ்சம் நினைவுபடுத்தலாம். மாண்டே கார்லோவில் ஒரு பணக்கார அம்மாளுக்குத் துணையாக வேலை பார்க்கும் இளம்பெண்தான் கதையைச் சொல்கிறாள். அவளுக்கு 21 வயது. அங்கே வந்து தங்கும் மாக்சிம் டி விண்டருக்கு 42. சில வாரப் பழக்கத்தில் கல்யாணம். கார்ன்வால் கடற்கரையில் இருக்கும் மாண்டர்லி என்ற அவனுடைய பெரிய மாளிகைக்குப் போகிறார்கள். அங்கே எங்கு திரும்பினாலும் முதல் மனைவி ரெபெக்கா. அவள் கையெழுத்து, அவள் போட்ட பூ ஜாடிகள், அவள் வைத்த சாப்பாட்டு முறை. அவள் ஒரு ராத்திரி தனியாகப் படகில் போனவள் திரும்பவில்லை என்பது ஊர் அறிந்த கதை. வீட்டை நிர்வகிக்கும் டான்வர்ஸ் அம்மாள் புது மனைவியை ஜன்னலிலிருந்து குதித்துவிடச் சொல்லும் அளவுக்குப் பழைய எஜமானி மேல் பக்தி வைத்திருக்கிறாள். பிறகு ஒரு கப்பல் தரைதட்ட, அதைப் பார்க்க இறங்கிய நீர்மூழ்கு ஆள் ரெபெக்காவின் படகையும், அதன் அறைக்குள் ஓர் உடலையும் கண்டுபிடிக்கிறான். மாக்சிம் உண்மையைக் கக்குகிறான்.

நாவலின் மொத்தச் சாமர்த்தியமும் இந்த வாக்குமூலக் காட்சியில்தான் இருக்கிறது. கணவன் கொலைகாரன் என்று தெரிந்ததும் ஒரு பெண் என்ன நினைப்பாள்? பயப்படுவாள், ஓடிப்போவாள், குறைந்தபட்சம் அழுவாள். இந்தப் பெண்ணுக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி வருகிறது. 'அவன் ரெபெக்காவைக் காதலிக்கவே இல்லை!' அவ்வளவு நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். கொலை அவள் காதில் விழுந்ததா என்றே சந்தேகமாக இருக்கிறது. படிப்பவர்களும் அவளோடு சேர்ந்து பெருமூச்சு விடுகிறார்கள். அடுத்த நூறு பக்கத்துக்கு வாசகர்களின் ஒரே கவலை, மாக்சிம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்பதுதான். ஓர் எழுத்தாளர் வாசகரை இவ்வளவு சத்தமில்லாமல் கொலைக்கு உடந்தையாக்கிய இன்னொரு நாவல் கிடைப்பது கஷ்டம்.

இது எப்படி நடக்கிறது? ரெபெக்காவுக்கு எதிரான குற்றப்பத்திரிகையை வாசிப்பது அவளைக் கொன்றவன். அவள் ஒழுக்கம் கெட்டவள், கல்யாணமான ஐந்தாம் நாளே தன் சுயரூபத்தைக் காட்டினாள், வயிற்றில் வேறொருவன் பிள்ளை இருப்பதுபோல் சொல்லிச் சிரித்தாள், அதனால் சுட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் கிடையாது. நியாயமாகச் சொன்னால், ரெபெக்கா நல்லவள் என்று வாதாடவும் முடியாது. கடற்கரையில் சுற்றும் மனவளர்ச்சி குன்றிய பென் அவள் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறான், பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பிவிடுவேன் என்று அவள் மிரட்டியிருக்கிறாள். ஆண்களைப் பார்த்து அவள் சிரித்தாள் என்று டான்வர்ஸ் அம்மாளே பெருமையாகச் சொல்கிறாள். கொடூரமான பெண் என்றே வைத்துக்கொள்வோம். கொடூரமான மனைவிக்குத் துப்பாக்கிக் குண்டு என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? விவாகரத்து இருந்தது. மாண்டர்லியின் மானம் போய்விடும் என்பதற்காகவே மாக்சிம் அதைச் செய்யவில்லை. தான் கொன்றதற்கு வருத்தமே இல்லை என்றும் அவன் வாய்விட்டுச் சொல்கிறான்.

இதற்கு மேல் டு மாரியர் ஒரு திருகு வைக்கிறார். லண்டனில் டாக்டர் பேக்கரிடம் போய் விசாரித்தால், ரெபெக்கா கர்ப்பமாகவே இல்லை. புற்றுநோய், சில மாதங்களில் செத்துப்போகப் போகிறவள். அப்படியானால் பிள்ளை விஷயத்தைச் சொன்னது அவனைச் சீண்டித் தன்னைக் கொல்ல வைக்கத்தான் என்று மாக்சிம் முடிவுகட்டுகிறான். அதாவது, கொலையும் செத்தவளின் திட்டம்தான்! "அவளாகத்தான் தேடிக்கொண்டாள்" என்பது ஊர் உலகத்தில் எல்லாக் கொலைகாரக் கணவர்களும் சொல்கிற பழைய பாட்டு. அதையே ஒரு டாக்டரின் டைரியைக் காட்டிச் சொன்னதும் வாசகர்கள் தலையாட்டிவிடுகிறார்கள்.

எழுத்தாளர் இதை அறியாமல் செய்தாரா என்றால், அப்படித் தோன்றவில்லை. பிரசுரகர்த்தரான விக்டர் கொலான்ஸ் காதல் கதை என்று விளம்பரம் செய்து விற்றார். டு மாரியருக்கு அது பொறாமையைப் பற்றிய நாவல். அதற்கு வீட்டிலேயே ஒரு காரணமும் இருந்தது. அவருடைய கணவர் பிரவுனிங் ராணுவ அதிகாரி, ஏற்கெனவே இன்னொரு பெண்ணுக்கு நிச்சயிக்கப்பட்டு அது நின்றுபோயிருந்தது. அந்தப் பெண்ணின் பழைய கடிதங்கள் டு மாரியர் கண்ணில் பட்டு மனசை உறுத்தியிருக்கின்றன. 1937-ல் கணவரின் வேலை காரணமாக எகிப்தில் அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்தபோது, அந்த வெயிலில் கார்ன்வாலை நினைத்து ஏங்கிக்கொண்டே நாவலை எழுத ஆரம்பித்தார். மாண்டர்லிக்கு முன்மாதிரி, ஃபோயி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மெனபிலி என்ற பழைய வீடு. நாவல் வெளிவந்து 5 வருஷம் கழித்து, 1943-ல், அதே வீட்டைக் குத்தகைக்கு எடுத்துக் குடிபோனார் என்பது தனிக் கூத்து. கதைசொல்லிக்குக் கடைசிவரை பெயரே இல்லை என்பதும் பொறாமையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். செத்தவளின் பெயர் புத்தகத்தின் அட்டையிலேயே இருக்கிறது. உயிரோடு இருப்பவளுக்குக் கணவனின் குடும்பப் பெயர் மட்டும்தான் மிச்சம்.

ஹிட்ச்காக் இதை 1940-ல் படமாக எடுத்தார். ஒலிவியே, ஜோன் ஃபோன்டேன் நடித்தார்கள், சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் அப்போது ஹாலிவுட்டில் இருந்த தணிக்கை விதிப்படி, மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் போகக் கூடாது. அதனால் படத்தில் ரெபெக்கா தடுக்கி விழுந்து, தலையில் அடிபட்டுச் சாகிறாள். மாக்சிம் பிணத்தை மறைத்ததோடு சரி. படத்தைப் புகழ்பவர்கள் இதை ஒரு சின்ன மாற்றம் என்று தாண்டிப் போகிறார்கள். சின்ன மாற்றமா அது? கொலை இல்லையென்றால் அந்தப் பெண்ணின் நிம்மதியில் எந்த விகாரமும் இல்லை. புருஷனுக்கு ஆதரவாக நிற்கும் நல்ல மனைவி, அவ்வளவுதான். சென்சார் ஆட்கள் கதையைக் கெடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் "இவன் கொலைகாரன், தப்பிக்கிறான்" என்று தெளிவாகப் புரிந்துகொண்டவர்களும் அவர்கள்தான். லட்சக்கணக்கான வாசகர்களுக்கு அது உறைக்கவில்லை.

அவன் தப்பிக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். மரண விசாரணையில் உண்மையைச் சொல்வது டாப் என்ற படகு கட்டும் தொழிலாளி. தன் பட்டறையிலிருந்து படகு நல்லபடியாகத்தான் போனது, ஓட்டைகளை யாரோ வேண்டுமென்றே போட்டிருக்கிறார்கள், தண்ணீர் உள்ளே வரும் குழாய்களும் திறந்திருந்தன என்று சொல்கிறான். அவனுக்கு அவன் தொழில் பெயர் முக்கியம். இவ்வளவு சாட்சியத்துக்குப் பிறகும் தீர்ப்பு தற்கொலை! பிறகு ரெபெக்காவின் ஒன்றுவிட்ட சகோதரனும் காதலனுமான ஃபேவல் குடித்துவிட்டு வந்து கத்துகிறான். அவன் பணம் பறிக்கப் பார்ப்பவன், அதனால் அவன் சொல் எடுபடவில்லை. மாஜிஸ்திரேட் கர்னல் ஜூலியன் மாண்டர்லியில் விருந்து சாப்பிடுகிற மனிதர். அவருக்கு உண்மை தெரிந்துவிட்டது என்றே மாக்சிம் நினைக்கிறான். அவர் ஒன்றும் செய்யவில்லை. கொலை நடந்த ராத்திரியைப் பார்த்திருக்கக்கூடிய ஒரே ஆள் பென். அவனைக் கூட்டிவந்து நிறுத்திக் கேட்டால், தன்னை விடுதிக்கு அனுப்பத்தான் கேட்கிறார்கள் என்று பயந்து எதையும் பார்க்கவில்லை என்கிறான். அந்த வட்டாரத்திலேயே மிகவும் பலவீனமான ஒருவனின் பயம், பெரிய வீட்டுக்காரனின் கழுத்தைக் காப்பாற்றுகிறது. அக்காலத்து இங்கிலாந்தில் கொலைக்குத் தூக்கு. பென் வாயைத் திறக்காத அந்த நிமிஷத்தில் வாசகருக்கு வரும் ஆறுதல்தான் நாவலில் மிகவும் அசிங்கமான இடம், மிகவும் நன்றாக எழுதப்பட்ட இடமும் அதுவே.

மாண்டர்லி எரிந்துபோகிறதே, அது தண்டனை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். தம்பதிகள் வெளிநாட்டு ஹோட்டல்களில் அநாமதேயமாக வாழ்கிறார்கள், இங்கிலாந்துப் பத்திரிகையில் கிரிக்கெட் ஸ்கோர் படித்துப் பொழுதைப் போக்குகிறார்கள். சலிப்பான வாழ்க்கைதான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெண் அதிலும் திருப்தியாகவே இருக்கிறாள். ரெபெக்கா போய்விட்டாள், வீடும் போய்விட்டது, கணவன் முழுசாக அவள் கையில். போட்டியில் ஜெயித்தவளின் ஓய்வு அது.

பின்னால் வந்தவர்கள் இந்த ஓரவஞ்சனையைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறார்கள். சாலி போமன் 2001-ல் எழுதிய 'ரெபெக்காஸ் டேல்' நாவலில் ரெபெக்காவுக்கே ஒரு குரல் கொடுத்தார். நல்ல முயற்சிதான். ஆனால் மூல நாவலில் இன்னொரு பெண் இருக்கிறாள், அவளைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. எட்ஜ்கூம்பில் கரை ஒதுங்கி, மாக்சிம் போய்ப் பார்த்து "இவள்தான்" என்று சொன்ன அந்த உடல். டி விண்டர் குடும்பக் கல்லறையில் ஏறக்குறைய ஒரு வருஷம் ரெபெக்கா என்ற பெயரில் கிடந்தவள். உண்மையான ரெபெக்கா கிடைத்ததும் ஊரே படகைப் பற்றியும் ஓட்டையைப் பற்றியும் பேசுகிறது. அப்படியானால் உள்ளே படுத்திருப்பது யார், அவளை எந்த வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நாவல் முடியும்வரை ஒருவரும் தேடிப் போகவில்லை. கதை சொல்லும் பெண்ணும்தான்.