பால்மாப் பொதியும் புகைப்படமும்

ஒருவர் நிவாரணப் பொதியை நீட்டுகிறார். மற்றவர் தலைகுனிந்து வாங்குகிறார். பின்னால் அன்பளிப்பாளரின் பெயர் பொறித்த பதாகை. இத்தகைய படங்களை முகநூலில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே என் கட்சி.

உதவி தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. 2021 செப்டெம்பரில் 400 கிராம் பால்மா 380 ரூபாய். 2022 மார்ச்சில் அதுவே 790 ரூபாய். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பின்னர் பணவீக்கம் தணிந்தது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பணவீக்கம் தணிவதென்றால் விலை இறங்குவது என்று பொருளல்ல. ஏறும் வேகம் குறைகிறது, அவ்வளவே. நாட்கூலி பெறுபவருக்கு இந்த வேறுபாட்டைப் பொருளியலாளர் கற்பிக்க வேண்டியதில்லை. கடை மேசையே கற்பித்துவிடுகிறது.

அண்மையில் புளியந்தீவில் ஒரு பலசரக்குக் கடைக்கு அரிசியும் பருப்பும் வாங்கச் சென்றிருந்தேன். எனக்கு முன்னால் சிறுமியொருத்தியுடன் ஒரு பெண். கடைக்காரர் மொத்தத் தொகையைச் சொன்னதும், கையிலிருந்த காசை எண்ணிப் பார்த்துவிட்டுப் பால்மாப் பொதியை ஒதுக்கி வைத்தார்.

"கொண்டு போங்க தங்கச்சி, காசு பிறகு பாப்பம்" என்றார் கடைக்காரர். கொப்பியில் ஒரு வரி எழுதினார். உடனே என் பக்கம் திரும்பி, "ஐயாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அந்தப் பெண்ணின் முகத்தை அவர் உற்றுப் பார்க்கவில்லை. அது அலட்சியமன்று, மரியாதை. அவர் கொடுத்தது தருமமுமன்று, கடன். அதனால்தான் அந்தப் பெண் ஒரு வாடிக்கையாளராகவே கடையை விட்டு இறங்க முடிந்தது.

"படம் இல்லாவிட்டால் பணம் போய்ச் சேர்ந்தது எப்படித் தெரியும்?" என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் பொதியுடன் நிற்கும் முகம் கணக்குக்குச் சான்றாகாது. எத்தனை பொதிகள், என்ன விலை, யார் வாங்கினார் என்பதை அது சொல்வதில்லை. பற்றுச்சீட்டு சொல்லும். பத்திரிகைத் தொழிலில் நரைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: அச்சேறிய படத்தைத் திரும்பப் பெற முடியாது. இணையத்தில் ஏறிய படமோ அந்தச் சிறுமி வளர்ந்து தொழிலுக்கு விண்ணப்பிக்கும் நாளிலும் இருக்கும்.

ஆகவே தொரொன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருந்து உதவுவோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் நம்பிக்கையான கடைக்காரர் ஒருவர் இருப்பார். எந்த வீட்டில் வாங்கும் அரிசி குறைந்துபோனது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய கொப்பியிலுள்ள பழைய கடன்களில் சிலவற்றைத் தீருங்கள். யாருடைய கடன் என்று கேட்காதீர்கள். தீர்த்தவர் யார் என்று அவரும் சொல்ல வேண்டாம்.

படம் கட்டாயம் வேண்டுமானால், பற்றுச்சீட்டைப் படம் பிடியுங்கள்.