ரிவ்யூவில் இல்லாத ஒரு வரி

புது ஐபோன் வந்தா போதும். கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்னு நம்ம மக்கள் பக்கம் பக்கமா அலசுவாங்க. அதை யார் பூட்டினாங்கன்னு ஒரு வரி? மூச்!

மண்ணூர் பக்கம் வந்து நின்னா அந்த வரி கம்பெனி பஸ்ல போறதைப் பார்க்கலாம். ஷிப்ட் முடிச்சு விடுதிக்குத் திரும்பற பொண்ணுங்க.

இங்க டெக் நியூஸ்னாலே வேற. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலை ஓட ஆரம்பிச்சது. 2014-ல நோக்கியாவோட போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கினப்போ, வரித் தகராறால இந்த ஆலை கைமாறலை. அந்த நவம்பர்லயே மூடிட்டாங்க. ஆயிரக்கணக்கானவங்க வேலை போச்சு. இணையத்துல என்ன சண்டை? லூமியாவா, ஆண்ட்ராய்டான்னு!

"காசு குடுத்து வாங்கறவன் இதையெல்லாம் ஏன் பார்க்கணும்?"னு கேப்பீங்க. 2021 டிசம்பரைப் பாருங்க. ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில சாப்பாடு நஞ்சாகி 150-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. கூட வேலை பார்த்தவங்க சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையையே மறிச்சாங்க. அதுக்கப்புறம்தான் விடுதியும் சாப்பாட்டுக்கூடமும் தன்னோட தரத்துக்கு இல்லைன்னு ஆப்பிள் ஒத்துக்கிட்டு, ஆலையைக் கண்காணிப்புல வெச்சது.

ஆக, பேர் கெட்டுடுமோங்கற பயம் வேலை செய்யுது. ஆனா அந்தப் பயத்தைக் காட்ட அந்தப் பொண்ணுங்க ரோட்டுல உக்கார வேண்டியிருந்தது. வாங்கற நாம ஒரு கேள்வி கேட்டாலே போதும்.

கண்ணாடியில கீறல் விழுதான்னு சோதிக்கறவங்களே, விடுதியில ஒரு ரூமுக்கு எத்தனை பேருன்னும் கேளுங்க. அதுவும் ஸ்பெக்தான்.